ராமாத்தாளுக்கு வந்த மணியார்டர்

பஸ்ராவிலிருந்து முதல் மணியார்டர் வந்த அன்று நாச்சாயி காட்டில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை. தபால்காரர் ஏசுதாஸ் வரப்பு மேல் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்க, நல்லேப்பிள்ளியாங்கறது நீங்கதானுங்களா?"

எலப்புள்ளியில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாக்கப்பட்டு வந்த பெண்ணைப் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கம். அவள் நல்லேப்பிள்ளியிலிருந்து வந்தவள். நாச்சாயி என்று அவளைக் கூப்பிட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. புருஷன் உயிரோடு இருந்தவரைக்கும் அவனுக்கு அவள் "ஏ புள்ளே"தான்.

"ஆமாங்க, நாந்தானுங்க."

"அர்த்தநாரியோட தாயார்னு ஊர்ல உங்களத்தான் கைகாட்டுனாங்க. அவன் உங்க பையன்தானே?"

கடலைச் செடியைக் கீழே போட்டுவிட்டு அவள் எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பின வீட்டில் தபால்காரர் வந்தால் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். ஏசுதாஸுக்கு அது தெரியும். அவசரமாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க. பணம் வந்திருக்குது. பத்து ரூவா."

அர்த்தநாரி போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அப்பன் செத்தபின் இருந்த ஒரு ஜோடி மாடும் கோமாரியில் போய்விட்டது. மாடு இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? பாலக்காட்டில் வெள்ளைக்காரன் சண்டைக்குச் சர்க்கார் ஆள் எடுக்கிறார்கள், துப்பாக்கி பிடிக்க வேண்டியதில்லை, கடல் தாண்டி பஸ்ராத் துறைமுகத்தில் கப்பலில் வருகிற மூட்டையை இறக்குகிற வேலைதான் என்று கேள்விப்பட்டு, சொல்லாமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். பம்பாயில் கப்பல் ஏறும்போது ஒரு கடுதாசி. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

ஏசுதாஸ் மணியார்டர் காகிதத்தின் அடியில் இருந்த நாலு வரியைப் படித்துக் காட்டினார். "ஆத்தாவுக்கு. நான் சுகம். சோறு கிடைக்கிறது. இங்கே எங்கே பார்த்தாலும் மணல். மாடு வாங்கப் பணம் சேர்த்து வை. அர்த்தநாரி."

"இன்னொருக்கா படிங்க தம்பி."

இன்னொரு தரம் படித்தார். அவள் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டாள். ஏசுதாஸ் மசிப்பெட்டியைத் திறந்தார்.

"உங்க பேரச் சொல்லுங்க, ஒருக்கா ஒத்துப் பாத்துக்கறேன்."

"நாச்சாயிங்க."

ஏசுதாஸ் காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"நாச்சாயியா? இதுல அப்படி இல்லீங்களே. அர்த்தநாரியோட தாயார், ராமாத்தாள், எலப்புள்ளின்னு போட்டிருக்குது."

நாச்சாயி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

ராமாத்தாள் செத்து இருபது வருஷம் ஆகிறது. அர்த்தநாரியைப் பெற்றவள் அவள்தான். பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆண்பிள்ளை என்ன செய்வான் என்று, பிள்ளையின் மூன்றாம் மாதமே நல்லேப்பிள்ளியிலிருந்து நாச்சாயியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு அப்போது வயது பதினாறு. அவளுக்கென்று வேறு பிள்ளை பிறக்கவில்லை. அர்த்தநாரிக்கு இதெல்லாம் தெரியாது. ஊரில் யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவிடவில்லை.

ஆனால் செத்த மூத்தாளுக்குச் செய்யவேண்டியதை அவள் விட்டதில்லை. ராமாத்தாளின் தாலியில் இருந்த ஒரு குண்டுமணி, புருஷன் இருந்தவரைக்கும் அவள் தாலியில் கோத்திருந்தது. வருஷம் ஒரு தரம், ராமாத்தாள் செத்த நாளில், விளக்குக்கு முன்னால் ஒரு புதுச்சீலையை வைத்து, "ராமாத்தா, இது உனக்கு, கட்டிக்க" என்று சொல்லிக் கும்பிடுவாள். பிறகு அந்தச் சீலையைத் தானே கட்டிக்கொள்வாள். இரண்டாந்தாரமாக வந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது.

அர்த்தநாரி அஞ்சு வயதில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "ஆத்தா, ராமாத்தான்னா ஆரு?" என்று கேட்டான். அவளுக்குத் திக்கென்றது. "நாந்தான், போடா" என்றாள். வேறு என்ன சொல்வதென்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அவனும் பார்த்தான்: ராமாத்தாளுக்கு என்று வைத்த சீலையை ஆத்தாதான் கட்டியிருக்கிறாள். ஊரில் வேறு யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவன் கேட்டதில்லை. பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

பாலக்காட்டில் சர்க்கார் குமாஸ்தா "தாயார் பேர் என்ன?" என்று கேட்டிருப்பான். இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ராமாத்தா" என்று சொல்லியிருப்பான்.

இதை அவள் ஏசுதாஸிடம் சொல்லி முடிக்கும்போது அவர் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்னுங்க பண்றது?"

"வர்ற சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கலாம். அதுக்கப்பறம் திருப்பி அனுப்பிப்போடோணும்."

"திருப்பி அனுப்பறப்ப என்ன எழுதுவீங்க?"

ஏசுதாஸ் தலையைச் சொறிந்தார். "பேருக்கு உரியவங்க உசுரோட இல்லீன்னா, இறந்து போனார்னுதான் எழுதோணும்."

"அத அங்கெ அவனுக்கு ஆரு படிச்சுச் சொல்லுவாங்க?"

"கம்பெனி ரைட்டர். அவங்க பட்டாளத்துக் குமாஸ்தா."

"என்னன்னு சொல்லுவாரு?"

ஏசுதாஸ் மசிப்பெட்டியை மூடினார். உன் தாயார் செத்துப்போனாள் என்றுதான் ரைட்டர் சொல்வார். கடல் தாண்டி, மணலில், தனியாக இருக்கிற பிள்ளைக்கு.

"நான் உசுரோட இருக்கறேன்னு கடுதாசி எழுதிப்போட்டா?"

"எழுதலாம். இதுவும் கப்பல்ல போவோணும், அதுவும் கப்பல்ல போவோணும். எது முன்னால போயிச் சேரும்னு ஆரு கண்டாங்க?"

"அப்பறம் என்ன, நானே ராமாத்தான்னு ரேகை வெச்சுப்போடறேன். குடுங்க."

"மொதல்ல நாச்சாயின்னு நீங்களே சொல்லிப்போட்டீங்களே! அத நான் காதுல கேக்காம இருந்திருக்கோணும். இப்ப வாங்கிக்கிட்டு, ஞாயித்துக்கெழம சர்ச்சுல சாமியார் முன்னால முட்டி போட்டு என்னன்னு சொல்றது?" ஏசுதாஸ் எழுந்தார். "ரேகை வெக்கறவங்களுக்கு எப்படியும் ஒரு சாட்சி வேணும். அதிகாரிகிட்டப் போயிக் கேளுங்க. அவரு ஒப்பு, அதான் கையெழுத்து, போட்டா நான் கேள்வி கேக்காமக் குடுத்துப்போடறேன். சனிக்கிழமை வாரேன்."

அம்சம் அதிகாரி, அதாவது ஊர் மணியக்காரர், மலையாளி; நல்ல மனிதர். ஆனால் ஊரில் பிறப்பு, சாவு எழுதுகிற கணக்கு அவரிடம்தான் இருந்தது. நாச்சாயி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அம்மே, ராமாத்தாள் மரிச்சதுன்னு என்றெ கையால எழுதினதாக்கும். இன்னைக்கு அவ உசுரோட இருக்கான்னு அதே கையால ஒப்பிடறதா?"

"எம்பேருக்கு அவ பேரையும் சேத்துப்போடுங்க சாமி. ஊர்ல ரெண்டு பேரு இருக்கறவங்க இல்லீங்களா?"

"சேர்க்கலாம். ஆனா ராமாத்தாளுக்கு ஆளுக உண்டு. கோபாலபுரத்துல அண்ணன் உண்டல்லோ, குப்பண்ணன்? நாளைக்கு அவன் வந்து, எங்க பொண்ணு பேர்ல வந்த பணத்தை வேற ஒருத்திக்குக் கொடுத்துன்னு மேலிடத்துக்கு ஹரஜி எழுதிக் கொடுத்தா என்றெ வேலை போச்சு. அவன் வந்து சாட்சி சொல்லட்டு. அவன் ஒப்பிட்டா நானும் ஒப்பிடாம்."

குப்பண்ணன் பெயரைக் கேட்டதும் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. தங்கச்சி செத்து இரண்டு மாதம் ஆவதற்குள் மச்சான் இன்னொருத்தியைக் கட்டினான் என்று அவருக்குத் தீராத கோபம். பிள்ளையையாவது கொடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்று கேட்டார். கொடுக்கவில்லை. அன்று போனவர் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மச்சான் செத்ததற்குக்கூடச் சுடுகாட்டோடு வந்து போய்விட்டார்.

மறுநாள் புதன்கிழமை. வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை என்பதால் கடலை மூட்டை ஏற்றின வண்டிகள் விடியற்காலையிலேயே கிளம்பின. ஒரு வண்டியில் கேட்டு ஏறிக்கொண்டாள். நல்லேப்பிள்ளி வழியாகத்தான் வண்டி போனது. பிறந்த ஊரில் இறங்கி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொழுது இறங்குகிற நேரத்துக்குக் கோபாலபுரம் வந்தது.

சந்தைக்குப் போகிற வண்டி மாடுகளுக்குச் சோளத்தட்டு விற்றுக்கொண்டு குப்பண்ணன் ரோட்டோரம் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வண்டியிலிருந்து இறங்கினவளைப் பார்த்தார்.

"ஆருங்க?"

"எலப்புள்ளியில இருந்து வாரேனுங்க. நல்லேப்பிள்ளியாங்க."

குப்பண்ணன் கையில் இருந்த தட்டுக்கட்டைக் கீழே வைத்தார். "இருவது வருசம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

"அதே வழியிலதான் நீங்களும் வரலீங்க."

"வந்தேன்! வந்தேன்! எந்தங்கச்சி மண்ணு காயல, உங்கூட்டு முன்னால பந்தக்கால் நட்டிருந்தாங்க. புள்ளையையாச்சும் குடுங்கன்னு கேட்டுட்டுத் திரும்புனவன்தான்."

"அர்த்தநாரி விசயமா வந்தேனுங்க."

"அவனுக்கென்ன?" குப்பண்ணன் குரல் மாறிவிட்டது. "அவனுக்கென்ன ஆச்சு? சொல்லு!"

"நல்லாருக்கானுங்க. பஸ்ராவுல நல்லாருக்கான்."

"அத மொதல்ல சொல்றதில்லையா, பொம்பள!" அவர் திரும்பி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குப்பண்ணன் பெண்சாதி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தாள். "வந்தவங்களை வாசல்லயே நிக்க வெச்சு வக்கீலாட்டக் கேள்வி கேக்கறதப் பாரு. நீ உக்காரு அம்மணி."

நாச்சாயி ஒன்றுவிடாமல் சொன்னாள். சீலை வைத்ததை, பிள்ளை கேட்டதை, தான் சொன்ன பதிலை. ஒளிக்கவில்லை. அந்தக் காகிதம் சனிக்கிழமை திரும்பிப் போனால் அதில் என்ன எழுதிப் போகும் என்பதையும் சொன்னாள்.

"நாந்தான்னு சொல்லிப்போட்டயா?" குப்பண்ணன் கேட்டார்.

"சொல்லிப்போட்டனுங்க."

"நாப்பது நாள் தூக்கி வெச்சிருந்தா எந்தங்கச்சி. சாகறன்னைக்குக் கூட, புள்ளைக்குப் பால் குடுத்தாங்களான்னு கேட்டுட்டுச் செத்தா. அப்படி ஒருத்தி இருந்தாங்கறதே அவனுக்குத் தெரியாம ஆக்கிப்போட்டீங்க. அவ பேரையும் நீயே எடுத்துக்கிட்டே."

நாச்சாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"செரி, வாரேன்," என்றார் குப்பண்ணன். "வந்து சாட்சி சொல்றேன். ஆனா ஒண்ணு. அன்னைக்கே பையனுக்குக் கடுதாசி எழுதோணும். உன்னைப் பெத்தவ ராமாத்தா, நான் இல்லீன்னு எழுதோணும். எங்கண்ணு முன்னால எழுதோணும்."

"சொல்லிப்போடறனுங்க. அவன் ஊட்டுக்கு வந்துரட்டும், நானே பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்றேன். இப்ப வேண்டாமுங்க. எங்கியோ கெடக்கறான். அம்மா இல்லாம ஆக்கினாப்பல ஆயிரும்."

"வராமப் போயிட்டா?"

"வாயக் கழுவுங்க!" என்று பெண்சாதி கத்தினாள்.

"நான் என்ன சாபமா குடுக்கறேன்? சண்டைக்குப் போனவன். வராமப் போயிட்டா, பெத்தவ ஆருன்னே தெரியாமப் போயிருவான். அதத்தான் கேக்கறேன்."

நாச்சாயி மோரைக் கீழே வைத்தாள். அதை அவளும் ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். வேறு விதமாக.

"எழுதறேன்," என்றாள். "அதுக்கப்பறம் அவன் என்னை ஆத்தான்னு கூப்படாட்டியும் செரி. நான் செத்துப்போயிட்டேன்னு அவன் அழுவக்கூடாது."

வியாழக்கிழமைச் சந்தை முடிந்து வெள்ளிக்கிழமை திரும்பின வண்டியில் இருவரும் எலப்புள்ளிக்கு வந்தார்கள். வழியெல்லாம் குப்பண்ணன் வண்டிக்காரனிடம் மாட்டு விலை பேசினார். அவளிடம் பேசவில்லை.

சனிக்கிழமை ஏசுதாஸ் வந்தபோது அதிகாரி வீட்டு முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"குப்பண்ணா, இது ஆரு?"

குப்பண்ணன் கொஞ்சம் தயங்கினார்.

"எந்தங்கச்சிங்க."

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் எழுதினார்: நாச்சாயி என்கிற ராமாத்தாள். குப்பண்ணன் கையெழுத்துப் போட்டார். அதிகாரி போட்டார். ஏசுதாஸ் நாச்சாயியின் கட்டைவிரலைப் பிடித்து மசியில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தார். "நல்லா அழுத்துங்க. இதுல ஒரு துண்டு பையன் கைக்குப் போவும்," என்றார். அவள் அழுத்தின அழுத்தில் மசி பரவி, பெரிய வட்டமாக விழுந்தது.

பத்து ரூபாயை மடியில் முடிந்துகொண்டாள். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"கடுதாசி?" என்றார் குப்பண்ணன்.

ஏசுதாஸ் முற்றத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, பையின் மேல் காகிதத்தை வைத்தார். "சொல்லுங்க."

"அப்புனு," என்றாள் நாச்சாயி, வீட்டில் மகனைச் செல்லமாகக் கூப்பிடுகிறபடியே. "நான் நல்லாருக்கறேன். பணம் வந்துச்சு."

எழுதினார்.

"காச்சுன தண்ணி குடி. ஈர மணல்ல படுக்காதே."

எழுதினார்.

"நம்ம கடலை இந்த வருசம் நல்லா எச்சா வெளஞ்சுது."

ஏசுதாஸ் எழுதிவிட்டு நிமிர்ந்தார். நாச்சாயி சீலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

குப்பண்ணன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் மரத்தைச் சுற்றி வந்தார்.

"விடு," என்றார். "இன்னைக்கு வேண்டாம். கடலை வெளஞ்சுதுன்னே இருக்கட்டும். பையன் ஒண்டியாக் கெடக்கறான். ரைட்டர் ஒருத்தன் எல்லாருக்கும் முன்னால படிப்பான், பையன் எங்கெ மூஞ்சிய வெச்சுக்குவான்? விடு, வந்தா சொல்லிக்கலாம்."

"இல்லீங்க," என்றாள் நாச்சாயி. "நீங்க கேட்டது ஞாயந்தான். எழுதுங்க தம்பி."

அதன்பிறகு நிறுத்தாமல் சொன்னாள். ஏசுதாஸால் எழுதி மாளவில்லை.

"உன்னை நான் பெக்கல, அப்புனு. பெத்தவ பேருதான் ராமாத்தா. நீ சர்க்கார்கிட்டச் சொன்னது பொய்யில்ல, அது உங்கம்மா பேருதான். நீ பொறந்த நாப்பதாம் நாளு அவ போயிட்டா. நான் வந்தப்ப நீ மூணு மாசம். உன்னைத் தூக்கி எம்மடியில போட்டாங்க. நீ அழுதே. எனக்குப் புள்ளையத் தூக்கவே தெரியாது, நானும் அழுதேன். பொழுதோட ரெண்டு பேரும் தூங்கிட்டோம். அன்னையிலிருந்து நீ எங்கிட்டத்தான் தூங்குனே. சின்னதுல நீ கேட்டப்ப நாந்தான் ராமாத்தான்னு சொன்னேன். நீ என்னை விட்டுட்டு மாமன் ஊட்டுக்குப் போயிருவயோன்னு பயந்து சொன்னேன். எந்தப்புத்தான். எம்பேரு நாச்சாயி. கோவம் வந்தா வெச்சுக்க. கோவத்துல சோறு திங்காம இருக்காதே. பணம் அனுப்பாட்டிப் போவுது, நீ இருக்கறேன்னு ஒரு வரி எழுதிப் போடு."

அவள் நிறுத்தினாள். ஏசுதாஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேற?" என்றார்.

"நானும் ரெண்டு வரி சொல்லறேன்," என்றார் குப்பண்ணன். "மாமன் குப்பண்ணன்னு எழுதுங்க. உன்னைப் பொள்ளாச்சிச் சந்தையில மூணு தடவை பாத்திருக்கறேன்னு எழுதுங்க. தூர நின்னு பாத்தேன். ஒருக்கா நீ கரும்பு கடிச்சுக்கிட்டு நின்னே."

நாச்சாயி திரும்பி அவரைப் பார்த்தாள். குப்பண்ணன் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழியிலும் தையிலும் பணம் வந்தது. கடுதாசி அங்கே போய்ச்சேருமுன் அனுப்பின பணம் அது. ராமாத்தாள் என்றே வந்தது. குப்பண்ணன்தான் சாட்சி என்று அதிகாரி எழுதிக் கொடுத்திருந்ததால் இரண்டு தரமும் ஆள் அனுப்பிச் சொல்ல, அவரே வந்தார். கூழ் குடித்தார். "உப்புப் பத்தல" என்றார். போய்விட்டார்.

மாசியில் பணம் வரவில்லை. கடுதாசியும் இல்லை.

பங்குனியிலும் வரவில்லை.

கடுதாசி போய்ச்சேர்ந்து படித்திருப்பான் என்று நாச்சாயி கணக்குப் பார்த்தாள். ஒரு வரி எழுதிப் போடு என்று சொன்னதற்கு அந்த ஒரு வரியும் இல்லை. தபால் வருகிற செவ்வாயும் சனியும் அவள் வரப்பில் நின்றாள். ஏசுதாஸ் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். அப்புறம் அவள் நிற்கிற வரப்பைத் தவிர்த்துவிட்டு வேறு வழியாகப் போகத் தொடங்கினார்.

பங்குனிக் கடைசியில், யாரும் சொல்லி அனுப்பாமலேயே குப்பண்ணன் வந்தார். ஒரு மூட்டை சோளம் கொண்டுவந்தார்.

"ஒண்ணும் வரலயா?"

"இல்லீங்க."

"நாந்தான் எழுதச் சொன்னேன். எவனாச்சும் ஊமத்தங்காயத் தின்னவன் சொல்ற யோசனை அது."

"கோவமா இருந்தாப் பரவாயில்லீங்க," என்றாள் நாச்சாயி. "கோவமா இருக்கோணும்னுதான் கும்பிட்டுக்கிட்டிருக்கறேன்."

அவர் இரண்டு நாள் இருந்து கூரையை வேய்ந்து கொடுத்துவிட்டுப் போனார்.

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள், ஏசுதாஸ் வரப்பில் வந்தார். ஓடி வந்தார் என்று சொல்லவேண்டும். பை ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். "இருவது ரூவா! கடுதாசி! ரெண்டும்!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

நல்லவேளையாக அன்று குப்பண்ணன் அங்கே இருந்தார். பொள்ளாச்சியில் பார்த்துவைத்த ஒரு ஜோடிக் காளையைப் பற்றிச் சொல்ல வந்திருந்தார்.

"பணம் கெடக்கட்டும், கடுதாசியப் பிரிங்க," என்றாள் நாச்சாயி.

கம்பெனி ரைட்டர் எழுதின கடுதாசி. ஏசுதாஸ் சத்தமாகப் படித்தார்.

"ஆத்தாவுக்கு அர்த்தநாரி எழுதிக்கொண்டது. நான் ரெண்டு மாசம் காய்ச்சலாக ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது சுகம். நடக்கிறேன். உன் கடுதாசி ஆஸ்பத்திரியில்தான் கிடைத்தது. ரைட்டரை நாலு தரம் படிக்கச் சொன்னேன். அஞ்சாந் தரம் மாட்டேன் என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சோறு தின்கிறேன். உன் பெயர் என்ன என்று கேட்க எனக்குத் தெரியாமல் போய்விட்டது, அதுதான் வெட்கமாக இருக்கிறது. பெயரை மாற்றவேண்டும் என்று ஆபீசில் போய்க் கேட்டேன். நாச்சாயி என்று மாற்றலாம், ஆனால் தாயார் என்று இருக்கிற இடத்தை அடித்துவிட்டுச் சிற்றன்னை என்று எழுதவேண்டும் என்றார்கள். நான் அடிக்கவேண்டாம் என்றேன். அப்படியானால் பெயர் பழையபடிதான் வரும் என்றார்கள். வரட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் திரும்பி வருகிறவரைக்கும் நீ ராமாத்தாள் என்று ரேகை வை. மாமன் வந்து சாட்சி போடட்டும். மாமனுக்கு வந்துபோக ஆகிற வண்டிச் சத்தத்துக்கு மாசம் ஒரு ரூபாய் கொடு."

"வண்டிச் சத்தமா!" குப்பண்ணன் துண்டை உதறினார். "எனக்கா? என்னைக் கூலிக்கு வர்ற சாட்சின்னு நெனச்சுக்கிட்டானா? திரும்பி வரட்டும் அவன், காதப் புடிச்சுத் திருகறேன்."

"திருகுங்க, வரட்டும்," என்றாள் நாச்சாயி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இன்னும் ஒரு வரி இருக்குதுங்க," என்றார் ஏசுதாஸ். "என்னைப் பெத்தவள் எப்படி இருப்பாள் என்று மாமனைக் கேட்டு எழுது, ஆத்தா."

குப்பண்ணன் வரப்பில் உட்கார்ந்தார். ஏசுதாஸ் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்தார்.

நாச்சாயியும் உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் அவளும் இதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"சொல்லுங்கண்ணா," என்றாள். "அவ எப்படி இருப்பா?"

குப்பண்ணன் காட்டைப் பார்த்தார். உழாத நிலம், வெயிலில் வெடித்துக் கிடந்தது.

"குட்டை," என்றார். "என்னை விட ரொம்பக் குட்டை. ஆனா வாய் இருக்குதே, கோபாலபுரத்துல பேசுனா பொள்ளாச்சியில கேக்கும்…"

ஏசுதாஸ் எழுத ஆரம்பித்தார்.